பெருச்சாளி காதில் விழக்கூடாது

ஓனரம்மாவை முதன்முதலாகப் பார்த்தபோது இடது கையால் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வீடு பார்க்க வந்த எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, தட்டை மறைக்கக்கூடச் செய்யாமல், சட்னியில் தோய்த்துத் தோய்த்து நிதானமாகச் சாப்பிட்டார். வலது கையை ஒரு துண்டால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்தார். கையில் ஏதாவது அடியா என்று என் மனைவி செல்வி பதறிப்போய் விசாரித்தாள்.

"அடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரிகர்சலு" என்றார் அவர். "சோத்துக் கை எங்கனா மாட்டிக்கினா, பீச்சாங்கைதான நம்மளக் காப்பாத்தணும்? அதுக்கும் பழக்கம் வாணாமா?"

எதில் மாட்டிக்கொள்ளப் போகிறார் என்று கேட்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை. வீடு பிடித்திருந்தது. அயனம்பாக்கம் ஏரிக் காற்று தடையில்லாமல் மாடிக்கு வந்தது. எனக்கு மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. நாள் முழுக்க எதிலாவது குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. அந்த வீட்டில் நான் கண்டுபிடித்த ஒரே குறை ஓனரம்மாதான். அதைச் செல்வியிடம் சொன்னதற்கு, "வாயை மூடிக்கிட்டு அட்வான்ஸைக் குடுங்க" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

குடிபோன பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஓனரம்மா தனி ஆளாகப் பெருச்சாளி பிடிப்பவர். தொழிலுக்காக இல்லை, சொந்த வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள. ஏரியை ஒட்டிய தெரு. மழை பெய்து கரையில் தண்ணீர் ஏறினால் அங்கிருக்கும் பெருச்சாளிகள் எல்லாம் குடும்பத்தோடு கிளம்பி எங்கள் பக்கம் வந்துவிடும். வந்தவை சும்மா இருக்காது. தண்ணீர்த் தொட்டிக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவே சுரங்கம் தோண்டும். இன்றைக்கு உறுதியாக இருக்கும் தரை நாளைக்குக் கால் வைத்தால் உள்ளே போகும். எதிர் வீட்டில் துவைக்கிற கல்லே ஒரு பக்கம் சாய்ந்து இறங்கிவிட்டது.

தெருவில் மற்றவர்கள் விஷம் வைத்தார்கள். ஓனரம்மா வைக்க மாட்டார். அது எங்கேயாவது சந்து பொந்தில் செத்து நாறும், அதைத் தின்று நாயும் சாகும் என்பார். தொழிற்பேட்டையில் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்த இரும்புக் கூண்டு அவரிடம் இருந்தது. உள்ளே கொக்கியில் நெத்திலிக் கருவாட்டைக் குத்தி வைத்தால், அதை இழுத்ததும் மேலே தூக்கி நிற்கிற கதவு தடாலென்று விழும். ஸ்கூட்டர் ஸ்பிரிங் போட்டது. அது விழுகிற சத்தத்தில் மாடியில் எங்கள் பாத்திரங்கள் அதிரும். பிடிபட்டதைக் கோணிப்பையில் சுற்றி, கூண்டோடு சைக்கிள் கேரியரில் கட்டி, வேலப்பன்சாவடி தாண்டி ஆள் இல்லாத பொட்டலில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். அவை திரும்பி வந்தனவா, இல்லை அவற்றின் சொந்தக்காரர்கள் வந்தார்களா என்று யாருக்கும் தெரியாது. வரத்து மட்டும் குறையவில்லை.

அவர் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் தையல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிறபோதெல்லாம் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாராம். மற்றவர்கள் டீக்காகப் போவார்கள், இவர் பயிற்சிக்காகப் போயிருக்கிறார். ஆனால் அங்கே சொல்லிக் கொடுத்ததை இவர் எடுத்துக்கொண்ட விதம் வேறு. ஆபத்து வந்தால் முதலில் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடு என்று அவர்கள் சொல்லியிருப்பார்கள். அந்த ஒரு வரியை மட்டும் இவர் கழற்றிப் போட்டுவிட்டார்.

"காப்பாத்த வர்றவன் வந்து சேர்ற வரிக்கும் நம்மள யாரு காப்பாத்துறது, சொல்லு நைனா?" என்று என்னிடம் கேட்பார். நான் யோசித்துப் பதில் சொல்வதற்குள் போய்விடுவார்.

கூண்டு வைக்கப் போகும்போது அவர் கோலத்தைப் பார்க்க வேண்டும். புடவையைத் தூக்கிச் செருகி, உள்ளே கணவருடைய பழைய பேன்ட். அவர் இறந்து வெகு காலமாகிவிட்டது, பேன்ட் மட்டும் இன்னும் சர்வீஸில் இருந்தது. காலில் இரண்டு சைஸ் பெரிய சேஃப்டி ஷூ. அதற்கு லேஸ் கிடையாது, பாவாடை எலாஸ்டிக் கோத்திருப்பார். கையில் வெல்டிங்காரர்கள் போடுகிற தோல் உறை, அதுவும் தொளதொளவென்று. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் விசில். இடுப்பைச் சுற்றி நைலான் கயிறு, அதில் டார்ச், திருப்புளி, பிளேடு, ஒரு துண்டு துணி சோப்பு, பிளாஸ்டிக் உறையில் போன்.

"எதுக்கும்மா எல்லாமே இவ்ளோ பெருசா போடறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். அளவு தப்பாக இருந்தால் என் தொழில் புத்தி சும்மா இருக்காது.

"சரியா கீறத போட்டா, அது மாட்டிக்கினா நாமளும் கூட மாட்டிக்கணும். பெருசா போட்டா அது மாட்டிக்கும், நாம உருவிக்கினு வந்துர்லாம். ஷூ போனா போவுது, காலு நம்மள்து."

யோசித்துப் பார்த்தால், அவர் மேலே இருந்த எல்லாமே அவசரத்தில் விட்டுவிட்டு ஓடுவதற்காகத் தயாராக இருந்தவைதான். எனக்கு அது பிடித்துப்போயிற்று. செல்விக்கு மட்டும் கடைசிவரை அந்தப் பீச்சாங்கைச் சமாச்சாரம் ஒப்பவில்லை. மழைக்காலம் நெருங்கினால் அவர் கோலம்கூட இடது கையால் போடுவார். வாசலில் புள்ளிகள் ஒரு பக்கமும் கோடுகள் ஒரு பக்கமும் போனால், பெருச்சாளி வரப்போகிறது என்று தெரு முழுக்கத் தெரிந்துகொள்ளும்.

தெருவுக்குத் தெரியலாம். பெருச்சாளிக்குத் தெரியக்கூடாது. அங்கேதான் அவருடைய பெரிய சட்டம் ஒன்று இருந்தது. பொறி வைக்கப் போவதை வாய்விட்டுச் சொன்னால் எலிக்குக் காது கேட்டுவிடும், அது அந்தப் பக்கமே வராது என்று எங்கள் ஊரிலும் சொல்வார்கள். ஓனரம்மாவிடம் அது சமையல், குளியல் போல அன்றாடக் காரியம். "பெருச்சாளி" என்ற சொல்லே வீட்டில் கூடாது. "பெரிய மனுசன்" என்றுதான் சொல்ல வேண்டும். கருவாடு வாங்கும்போது கடைக்காரர் எதற்கென்று கேட்டால், "கொயம்பு" என்பார், கண்ணடித்துக்கொண்டே.

அதோடு நிற்காது. கூண்டு வைக்கிற நாளில் வளைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, தெருவுக்கே கேட்கிற குரலில் அறிவிப்பார்: "செல்வி! நான் பூந்தமல்லி வரிக்கும் போய்க்கினு வர்றேன்! வர சாயந்தரம் ஆவும்! ஊட்ல யாரும் கெடையாது!"

பிறகு நிஜமாகவே முன்கேட்டைச் சத்தமாகச் சாத்துவார். பேருந்து ஏறப் போகிறவரைப் போலப் பையை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போவார். அப்புறம் பின்பக்கக் காலி மனை வழியாகப் பூனை மாதிரி திரும்பி வந்து, கூண்டை எடுப்பார்.

"பகல்ல அது தூங்கிக்கினுதானம்மா இருக்கும்?" என்றேன்.

"அது தூங்கும். காது முய்ச்சிக்கினு கீது" என்றார்.

ஒருமுறை கூண்டில் பெருச்சாளிக்குப் பதிலாக ஒரு மரநாய் விழுந்துவிட்டது. நீண்ட வால், மூஞ்சியில் முகமூடி போட்டாற்போல் கறுப்பு. "இது கவர்மென்ட்டு ஜீவன், கை வெச்சா கேஸு" என்று ஓனரம்மா தெளிவாக இருந்தார். வனத்துறைக்குப் போன் பண்ணலாமே என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். கூண்டுக் கதவில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கொல்லைக் குளியலறைக்குள் கொண்டுபோய், உள்ளே தாழ் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாக இழுத்தார். கதவு அழகாகத் திறந்துகொண்டது. மரநாய் போகவில்லை. கருவாட்டைச் சாவகாசமாகச் சாப்பிட்டது. பிறகு வெளியே வந்து, குளியலறை வாசலில் வெயில் நன்றாக விழுகிறது என்று கண்டுகொண்டு அங்கேயே படுத்துவிட்டது.

நான் மாடியிலிருந்து ஒரு தண்ணீர்ப் பாட்டிலை எறிந்து விரட்டட்டுமா என்று கேட்டேன். உள்ளேயிருந்து அதட்டல் வந்தது: "நீ ஒண்ணும் பண்ணாத! எல்லாம் ப்ளான்படிதான் போய்க்கினு கீது!"

அது தூங்கி எழுந்து, சோம்பல் முறித்து, சுவர் ஏறிப் போகும் வரை ஓனரம்மா குளியலறையில்தான் இருந்தார். வெளியே வரும்போது தலைக்குக் குளித்திருந்தார். நேரத்தை வீணாக்கவில்லையாம்.

இவ்வளவு பிடிவாதம் வெறும் வீம்பு என்றுதான் நான் நினைத்திருந்தேன். காரணம் கோயம்புத்தூரில் இருந்தது. அவருடைய ஒரே மகள் அங்கே பன்னிரண்டாவது மாடியில் குடியிருந்தாள். அம்மா தனியாக இருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. முன்பு ஒருமுறை ஓனரம்மா மோட்டார் பக்கத்தில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டார் தூக்கிவிட்டிருக்கிறார்கள். அப்போது மகள் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். இன்னொரு தடவை யாராவது வந்து தூக்கிவிடுகிற நிலைமை வந்தால் அன்றைக்கே வீட்டைப் பூட்டிவிட்டுக் கோயம்புத்தூர் வந்துவிட வேண்டும். ஓனரம்மாவும் வாக்குக் கொடுத்துவிட்டார். வாக்குக் கொடுத்தால் மீறுகிற ஆள் இல்லை அவர். அதனால்தான் இத்தனை கயிறும் சோப்பும்.

"அங்க இன்னா கீது? சன்னலத் தொறந்தா வானம். மண்ணு எங்க கீது? காலைல எய்ந்து யார் கூட சண்ட போடுறது?" என்று செல்வியிடம் ஒருநாள் சொன்னாராம். சொல்லும்போது குரல் ஒருமாதிரி ஆகிவிட்டது என்று செல்வி சொன்னாள்.

மகள் என் நம்பரையும் வாங்கி வைத்திருந்தாள். "அம்மா சொல்ல மாட்டாங்க. ஏதாச்சும்னா நீங்க எனக்கு மறைக்காம சொல்லணும்ணா" என்று கேட்டுக்கொண்டாள். பாவம், அவள் கேட்டதிலும் தப்பில்லை. நானும் சரி என்றேன். இப்படியாக அம்மாவுக்கு வாடகையும் மகளுக்கு வார்த்தையும் கடன்பட்டவனாக மாடியில் குடியிருந்தேன்.

அந்த வருஷம் மழை விட்டதும் ஒருநாள் காலை பதினொரு மணி வாக்கில், பூந்தமல்லி அறிவிப்பு வந்தது. எனக்கு மதிய ஷிஃப்ட். ஓனரம்மா கேட்டைச் சாத்திக்கொண்டு போனதைப் பார்த்தேன். நான் மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனேன். கொஞ்ச நேரத்தில் கூண்டுக் கதவு விழுகிற சத்தம் கேட்டது. இவ்வளவு சீக்கிரமாகவா விழுந்துவிட்டது என்று ஆச்சரியப்பட்டேன். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. அப்புறம் கீழே போன் அடித்தது. வீட்டுக்கும் காம்பவுண்ட் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நுழையுமளவுக்குச் சந்து உண்டு, அங்கேயிருந்து. மகள்தான்.

"சொல்லும்மா... நானா? பூந்தமல்லில கீறேன். காய் வாங்கிக்கினு கீறேன்... கூட்டமா? ஆமா, செம கூட்டம்... சத்தமே கேக்கலியா? இது அமைதியான மார்க்கெட்டு."

எட்டிப் பார்த்தேன். ஓனரம்மா ஒரு கால் தொடை வரை பூமிக்குள் இருந்தார். இன்னொரு கால் மடங்கிக் கிடந்தது. பெருச்சாளி தோண்டிய தரை அப்படியே உள்வாங்கியிருக்கிறது. விழுந்த வேகத்தில் கூண்டைப் பிடித்திருக்கிறார், கதவு வலது கையுறைமேல் இறங்கிவிட்டது. பீச்சாங்கையில் போனைப் பிடித்துக்கொண்டு கத்தரிக்காய் விலை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து செல்வி வீட்டுக்குள்ளிருந்து தண்ணீர் மோட்டார் ஸ்விட்சைப் போட்டாள். சந்தில் இருந்த மோட்டார் அவருக்குப் பக்கத்திலேயே உறுமிக்கொண்டு கிளம்பியது.

"அது... அது கரும்பு ஜூஸ் மிஷினு" என்றார் ஓனரம்மா. "வெச்சிர்றேன்."

நான் படியிறங்கி ஓடினேன். கழுத்தில் விசில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏன் ஊதவில்லை என்று கேட்டேன். வாயில் விரலை வைத்து, காலுக்குக் கீழே காட்டினார். பெரிய மனுஷன் அங்கேதான் இருக்கிறாராம், காதில் விழுந்துவிடுமாம்.

"தூக்கிவிடறேன், கையைக் குடுங்கம்மா."

"கிட்ட வராத!" என்று கிசுகிசுத்தார். "நீ தூக்குனா கோயம்புத்தூரு. நானா வந்தா அயனம்பாக்கம். பக்கத்துல கெடக்குற அந்தக் கருங்கல்லு மேல நில்லு. பாத்துக்கினு இரு."

நின்றேன். வேறென்ன செய்ய? முதலில் வலது கையை உருவினார். உறை கதவுக்கடியில் தங்கிவிட்டது, கை வந்துவிட்டது. என்னைப் பெருமையோடு பார்த்தார். அடுத்து சோப்பை எடுத்து, ஷூவின் வாயைச் சுற்றித் தேய்த்து, காலை அசைத்து அசைத்து இழுத்தார். ஷூ உள்ளேயே நின்றுவிட்டது. எலாஸ்டிக் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. இதுவரை எல்லாம் திட்டப்படியே நடந்தது. பிறகு மேலே ஏறுவதற்காக முன்கூட்டியே கட்டி வைத்திருந்த கயிற்றைப் பிடித்துத் தொங்கினார். அதை அவர் கட்டியிருந்தது மோட்டாரின் பிளாஸ்டிக் குழாயில். குழாய் படாரென்று உடைந்து, தண்ணீர் அவர் தலையில் கொட்டியது. "மோட்டார ஆஃப் பண்ணு செல்வி!" என்று நான் கத்தினேன். "கத்தாத!" என்று அவர் கத்தினார். அத்தோடு பெரிய மனுஷனுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று.

ஈரத்தில் விளிம்பு கரைந்துகொண்டே வந்தது. கையை ஊன்றுவார், மண் சரியும். மறுபடி ஊன்றுவார். முகத்திலிருந்த அதட்டல் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. செல்வி மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து என் பின்னால் நின்றாள்.

பிறகு என் பக்கம் பார்க்காமல் சொன்னார்: "நைனா, உன் கையை அப்டியே நீட்டி வெச்சிக்கினு நில்லு. ஜன்னல் கம்பி கீதில்ல, அது மாதிரி. நீ புடிக்கக் கூடாது. இஸ்க்கக் கூடாது. நான் புடிச்சிக்குவேன்."

கல்லின்மேல் குந்தி, கையை நீட்டினேன். இரண்டு கையாலும் என் முன்கையைப் பற்றினார். நகம் பதிந்தது. இழுத்துவிட வேண்டும் என்று உடம்பு முழுக்கத் தவித்தது.

"இஸ்க்கிறியா?"

"இல்லம்மா!"

"இஸ்த்த மாதிரி இருந்துச்சே."

"நடுங்குதும்மா, அவ்ளோதான்."

ஏறினார். ஒரு தடவை சறுக்கினார், மறுபடி ஏறினார். கல்லின்மேல் வந்து விழுந்து மூச்சு வாங்கினார். அத்தனை அதட்டலுக்கும் அவர் கனம் ஒன்றுமே இல்லை. அது எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. கூண்டைத் தூக்கிப் பார்த்தோம். கருவாடு மட்டும் இல்லை.

என் போன் அடித்தது. கோயம்புத்தூர்.

"அண்ணா, பூந்தமல்லி மார்க்கெட்ல எங்க வீட்டு மோட்டார் எப்படி ஓடும்? என்ன ஆச்சு? மறைக்காம சொல்லுங்க."

ஓனரம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. நான் மறைக்கவில்லை. தரை உள்வாங்கியதைச் சொன்னேன், கால் உள்ளே போனதைச் சொன்னேன், அடி ஒன்றும் இல்லை என்றும் சொன்னேன்.

"நீங்கதான் தூக்கி விட்டீங்களா?"

"இல்லைங்க. நான் இழுக்கக்கூட இல்லை. சும்மா கையை நீட்டிக்கிட்டு நின்னேன். அவங்களேதான் ஏறி வந்தாங்க. செல்வியைக் கேளுங்க."

அவள் மெதுவாகக் கேட்டாள்: "நீங்க நிக்காத அன்னைக்கு?"

போனை ஓனரம்மாவிடம் நீட்டினேன். எப்படியாவது சமாளித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, மண் ஒட்டிய தன் வெறுங்காலைப் பார்த்தபடி இருந்தார்.

"மேல ஆள் இல்லாத அன்னிக்கு நான் கூண்டத் தொட மாட்டேன்" என்றார். அந்தப் பக்கம் மகள் அழுகிற சத்தம் எனக்கே கேட்டது. "சத்தியமா. அயாதம்மே. நீ எதுக்கு அய்வுற?"

அதற்கப்புறம் பூந்தமல்லி அறிவிப்பு செய்துவிட்டு, நேரே மாடிக்கு வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார், ஒரு வார்த்தை பேசாமல். நான் கல்லின்மேல் நிற்பேன். வேலைக்கு எத்தனை நாள் தாமதமாகப் போனேன் என்று கம்பெனியில்தான் கேட்க வேண்டும்.

பிறகு எங்கள் கம்பெனி ஒரகடத்துக்குப் போய்விட்டது, நாங்களும் வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். ஓனரம்மா "போய்ட்டு வா, அதுக்கென்ன" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்றைக்கு வாசல் விளக்குப் போடவில்லை.

சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது வீடு பார்க்க ஆட்கள் வந்தார்கள். முதலில் வந்தவர் நல்ல வேலையில் இருப்பவர், பேச்சும் பவ்யம். அவரை வாசலிலேயே நிறுத்தி, "கையை நீட்டு" என்றார் ஓனரம்மா. அவர் குழம்பிப்போய் நீட்டினார். ஓனரம்மா அதை இரண்டு கையாலும் பற்றி, கால் இரண்டையும் மடக்கித் தொங்கினார். "ஐயோ அம்மா!" என்று அவர் முன்னால் சரிந்தார். "வேற ஊடு பாரு நைனா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அதற்கடுத்து ஒரு பெண் வந்தாள், ஆஸ்பத்திரியில் நர்ஸாம். வாடகை எவ்வளவு, தண்ணீர் எப்படி என்று அவள் கேட்க ஆரம்பிக்குமுன் கை நீட்டச் சொன்னார். நோயாளிகளைத் தூக்கித் திருப்பிப் பழகிய கை. ஓனரம்மா தொங்கினார். கை ஒரு அங்குலம் இறங்கவில்லை. அந்தப் பெண் பயந்துபோய் இன்னொரு கையால் அவரைத் தாங்கிப் பிடிக்க வந்தாள்.

"தூக்காத!" என்றார் ஓனரம்மா, தொங்கியபடியே. "சும்மா நில்லு. அது போதும்."